தொண்ணூற்றைந்தாம் வருடத்துக் கேசட்டின் குறைகள்

ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று டி.வி. காட்டியதும் சையத் இப்ராஹிம் எழுந்து போய் அதன் தலையில் ஒரு தட்டு தட்டினார். தட்டிய பிறகும் அது ஒன்பதுக்குப் பூஜ்யம் என்றே காட்டியது.

ஒன்பது அம்மாசிக்கு. பூஜ்யம் ரைட்டர் பொன்னுவேலுக்கு.

கடைக்குள் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். வெளியே கொட்டச்சேடு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அதில் போகவேண்டியவர்கள்கூட அசையவில்லை.

"என்றா அம்மாசி இது?" என்றார் பொன்னுவேல்.

"தெரியலீங்க ரைட்டர்," என்று அம்மாசி ஜாய்ஸ்டிக்கை மெதுவாகக் கீழே வைத்தான். "புதுக் கேசட்டுங்க. அதுபாட்டுக்குப் போவுது."

பொன்னுவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இப்ராஹிமைப் பார்த்தார்.

"பாய், கேசட்டு சரியில்ல."

"அப்படித்தானுங்க தெரியுது," என்றார் இப்ராஹிம். அவருக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

கவலைப்படாமல் என்ன செய்வார்? ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே குடையும் குரங்குக் குல்லாவும் டார்ச் செல்லும் விற்கிற கடை அவருடையது. நாலு வருடத்துக்கு முன்பு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் சும்மா ஏன் பனியில் நிற்க வேண்டும் என்று ஒரு மூலையில் டி.வி.யும் வீடியோ கேமும் வாங்கி வைத்தார். சேலத்துக் கேசட் கடையில் அன்றைக்குக் கிரிக்கெட் தீர்ந்துவிட்டிருந்தது. இருந்ததைக் கொடுத்தார்கள். அது அமெரிக்காக்காரன் ஆடுகிற பேஸ்பால். ஏற்காட்டில் அதன் சட்டதிட்டம் ஒருவருக்கும் தெரியாது. மூன்று தடவை அடிக்கத் தவறினால் ஆள் வெளியே, சுவரைத் தாண்டினால் ரன், மீதியை மெஷின் பார்த்துக்கொள்ளும். இந்த அளவு ஞானத்தோடு நாலு வருடமாக ஆட்டம் அமோகமாக நடந்துவந்தது.

அந்தக் கேசட்டில் ஒரு விசேஷம். கம்பெனிக்காரன் வருடத்துக்கு ஒன்று புதிதாக விடுவான். தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றுமூன்று என்று மேலே நம்பர் போட்டிருக்கும். சீசனுக்கு முன்னால் இப்ராஹிம் பழையதைச் சேலத்தில் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கி வருவார். வந்த ஒரு வாரம் கடையில் அதே பேச்சாக இருக்கும். இந்த வருசம் என்ன சேர்த்திருக்கிறான், எதை விட்டுவிட்டான் என்று, மிளகு விலையைக்கூட மறந்துவிட்டு அலசுவார்கள். போன வருடக் கேசட்டில் பந்து வீசுகிறவன் வீசுவதற்கு முன் எச்சில் துப்பினான். அது முன்னேற்றமா குறையா என்பதில் கடைசிவரை ஒரு முடிவுக்கு வரமுடியவில்லை.

ஆனால் எந்த வருடக் கேசட்டு வந்தாலும் சேம்பியன் ஒருவர்தான். நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் முப்பத்தொரு வருடம் ரைட்டராக இருந்த பொன்னுவேல். காலை ஏழு மணிக்குச் செக்ரோல் நோட்டை விரித்து ஆட்களின் பேரைக் கூப்பிடுவது அவர் வேலை. அந்த நோட்டில் பேர் ஏறினால்தான் அன்றைக்கு வேலை. அதே கணீர்க் குரலில்தான் கடையிலும் "அவுட்டு" என்பார். ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க வரும் எஸ்டேட் ஆட்கள், அம்மாசி உட்பட, ஒவ்வொருவராக அவர் எதிரே உட்காருவார்கள், தோற்பார்கள், கும்பிட்டுவிட்டு எழுந்து போவார்கள். ஒரே ஒரு தடவை காளியண்ணன் என்பவன் ஜெயிக்கும் நிலைமைக்கு வந்து, திடீரென்று கை மரத்துப்போய்விட்டது என்று பாதியில் எழுந்துவிட்டான். ரைட்டர் ஆடினால் பந்து ரயில் தண்டவாளத்தில் வருகிற மாதிரி நேராக மட்டைக்கு வரும்.

"பந்துக்கும் ஆளத் தெரியுமில்லீங்க பாய்," என்பார் அவர்.

மார்ச் கடைசியோடு அவருக்குச் சர்வீஸ் முடிந்தது. ஒரு மாலையும் ஒரு சுவர்க்கடிகாரமும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஆனாலும் ஊருக்கெல்லாம் அவர் ரைட்டர்தான். இப்ராஹிமுக்கு இதில் ஏக சந்தோஷம். இனிமேல் சேம்பியன் நாள் முழுக்கக் கடையிலேயே இருப்பார் அல்லவா? உடனே தகரத்தில் ஒரு போர்டு எழுதச் சொன்னார். 'நான்கு ஆண்டுகள் தோல்வியே காணாத ஏற்காடு சேம்பியனுடன் மோதிப் பாருங்கள்.' கோடை விழாவுக்கு வருகிற கூட்டம் இதைப் பார்த்துவிட்டுக் கடைக்குள் நுழையாமல் போகமுடியாது என்பது அவர் கணிப்பு.

கூட்டம் நுழைந்தே ஆகவேண்டும். நுழையாவிட்டால் அடிவாரம்.

அடிவாரத்தில் சிமெண்டும் ஆணியும் தகரமும் விற்கிற அப்துல் ரஹீம், இப்ராஹிமின் மனைவி ஜைனபுக்கு அண்ணன். "டி.வி. பொட்டி வெச்சுப் பொழைக்கிறதெல்லாம் ஒரு பொழப்பா மச்சான்? இந்தக் கோடை விழாவ நேர்ல வந்து பாக்கறேன். அதுலயும் கடையில ஈ ஓட்டுனீங்கன்னா, பேசாம மூட்ட கட்டிட்டுக் கீழ வாங்க. என் கடையில ஆணி நிறுத்துப் போட ஆள் வேணும்," என்று ஜைனபை வைத்துக்கொண்டே சொல்லியிருந்தார். இப்ராஹிம் ஏற்காட்டில் பிறந்தவர். கம்பளி போர்த்தாமல் ஒருநாளும் தூங்கியதில்லை. பஸ் கடைசிக் கொண்டை ஊசி வளைவைத் தாண்டினாலே அவருக்கு வியர்த்து ஊற்றும். அந்த வெக்கையில், மச்சானின் கண்பார்வையில், மிச்ச ஆயுளுக்கும் ஆணி நிறுப்பதை நினைக்கும்போதெல்லாம் அவர் குரங்குக் குல்லாவைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஆகவே கேசட்டைச் சரிசெய்தாக வேண்டும்.

முதல் வைத்தியமாக அதை வெளியே எடுத்து வாயால் ஊதினார். பித்தளைப் பல்லையெல்லாம் ரப்பரால் தேய்த்தார். போதாதென்று துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். திரும்பச் சொருகியபோது மைதானத்துப் புல் முழுக்க ரோஸ் கலரில் வந்தது.

"புல்லு எந்தக் கலர்ல இருந்தா என்னங்க," என்று சமாதானம் சொல்லி ரைட்டரை உட்கார வைத்தார். எதிரே காளியண்ணன் உட்கார்ந்தான். இந்தத் தடவை அவனுக்குக் கை மரக்கவில்லை. பன்னிரண்டுக்குப் பூஜ்யம்.

"கேசட்டு கோளாறுதானுங்க ரைட்டர்," என்று காளியண்ணன் மிகுந்த வருத்தத்தோடு சொல்லிவிட்டு, வெளியே போய் இரண்டு டீ வரிசையாகக் குடித்தான்.

பொன்னுவேல் சும்மா விடுகிற ஆள் இல்லை. ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, அடிக்குச்சி வைத்துக் கோடு போட்டு, முப்பத்தொரு வருடக் கையெழுத்தில் ஒரு பக்கம் 'முன்னேற்றம்' என்றும் மறுபக்கம் 'குறை' என்றும் எழுதினார். அவர் நியாயவான். முன்னேற்றத்தைத்தான் முதலில் நிரப்பினார். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். பந்துக்கு நிழல் விழுகிறது. அம்பயருக்குத் தொப்பி கொடுத்திருக்கிறார்கள். பிறகு மறுபக்கம் வந்தார்.

பந்து வளைகிறது. எதிராளியின் மட்டை சரியான நேரத்துக்கு எழுகிறது. முன்பெல்லாம் எதிராளி பாதி வழியில் நின்று யோசிப்பான், இப்போது கேட்காமலே ஓடிவிடுகிறான். மொத்தத்தில் மரியாதை இல்லை.

சுற்றி நின்ற எஸ்டேட் ஆட்கள் ஒவ்வொரு குறைக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டினார்கள். "அந்த மட்டை எழறது நொம்ப மோசமுங்க," என்று அம்மாசி தன் பங்குக்கு எடுத்துக் கொடுத்தான்.

அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இப்ராஹிம் சேலத்துக்குப் பஸ் ஏறினார். கேசட் கடைக்காரர் தாளை இரண்டு தடவை படித்தார்.

"பந்து வளையறது தொண்ணூத்திரண்டுலயே உண்டுங்களே பாய்."

"எங்க கடையில ஒருநாளும் வளைஞ்சதில்லீங்க."

"எதிராளி ஓடாம பாதியில நிப்பானா? எந்தக் கேசட்டுல?"

"எல்லாக் கேசட்டுலயும் நின்னானுங்க. நாலு வருசமா நின்னான். நானே கண்ணால பாத்தேன்."

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மலையிலிருந்து திடீரென்று வெயிலுக்கு இறங்குகிறவர்களுக்குச் சில சமயம் இப்படி ஆகும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். பிறகு தொண்ணூற்றைந்திலேயே 'ஸ்பெஷல்' என்று ஒட்டியிருந்த இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். எந்த வியாபாரி தன் சரக்கில் குறை என்று ஒத்துக்கொள்வான் என்று எண்ணியபடி இப்ராஹிம் மலையேறினார்.

ஸ்பெஷலில் முன்னேற்றம் நிறைய இருந்தது. மைதானத்தில் விளக்கு எரிந்தது. ஒரு வெள்ளைக்காரன் விடாமல் இங்கிலீஷில் பேசினான். ரைட்டர் தோற்கும்போதெல்லாம் அவன் குரல் ஒரு படி ஏறியது. அதில் அவர் பதினைந்துக்கு ஒன்று என்று தோற்றார். அந்த ஒன்றும், எதிரே ஆடிக்கொண்டிருந்தவன் தும்மிய நேரத்தில் கிடைத்தது.

செய்தி எப்படிப் பரவியதோ, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையில் கால் வைக்க இடமில்லை. கொட்டச்சேட்டிலிருந்து ஒரு கூட்டம் கட்டுச்சோற்றோடு வந்து இறங்கியது. எல்லோரும் புதுக் கேசட்டைப் பார்க்க வந்தவர்கள். அதாவது ரைட்டரோடு ஓர் ஆட்டம் ஆடிப் பார்க்க வந்தவர்கள். இப்ராஹிமோடு ஆடுகிறீர்களா என்றால் வேண்டாம் என்றார்கள். தங்களுக்குள் ஆடச் சொன்னால் அதுவும் வேண்டாமாம். ரைட்டரோடுதான் ஆடவேண்டும். ஆடி முடித்ததும் திருப்தியாக வீட்டுக்குப் போனார்கள்.

அன்றைக்கு முத்தாயி என்று ஒரு பெண் உட்கார்ந்தாள். இருபது வருடமாக அதே எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கிறவள். இதற்குமுன் ஜாய்ஸ்டிக்கைத் தொட்டதே இல்லை.

"ஏனுங்க பாய், இதுல எந்தப் பொத்தானுங்க அமுத்தறது?"

"செவப்புங்கம்மா."

அவள் சிவப்பை அமுக்கினாள். பந்து சுவரைத் தாண்டிப் போயிற்று. இங்கிலீஷ்காரன் அலறினான். மறுபடியும் அமுக்கினாள். பதினாறுக்குப் பூஜ்யத்தில் அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "மன்னிச்சுக்கோங்க ரைட்டர். பொத்தான் லேசா இருக்குது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பொன்னுவேல் எழுந்திருக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு ஒரு மாதிரி கோணியது. அறுபது வயது மனிதர் அழுதுவிடுவாரோ என்று இப்ராஹிமுக்குப் பயமாகிவிட்டது. பாவமாகவும் இருந்தது.

"பாய், எனக்குத் தொண்ணூத்தினாலு வேணும்," என்றார் அவர். "போன வருசக் கேசட்டு. அதுல நான் நல்லாத்தான ஆடுனேன்?"

"நல்லாவா? ராசா மாதிரி ஆடுனீங்க."

அன்று மத்தியானம் சோறு போடும்போது ஜைனப், "ஏங்க, அந்த மனுசனுக்குக் கண்ணு கிண்ணு கெட்டுப் போச்சான்னு பாக்கக் கூடாதா?" என்றாள்.

"கண்ணுக்கு என்ன? அந்த மலை மேல மாடு மேயறதைச் சொல்றாரு இங்கிருந்து. கேசட்டுதான் கோளாறு."

"என்னமோ போங்க. எங்கண்ணன் ஆள் விட்டுக் கேட்டாரு, ஆணித் தராசை இப்பவே ஒங்க பக்கமா வெச்சுரலாமான்னு."

இப்ராஹிம் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

பழைய கேசட்டைத் தேடிப் போனதில்தான் விஷயம் இன்னும் சிக்கலானது. சேலத்துக்காரர் அதை விற்றுவிட்டிருந்தார். யாருக்கு என்று கேட்டால், அடிவாரத்தில் ஒரு லாரி புரோக்கர் வீட்டுக்கு. அந்த வீடு எங்கே என்று கேட்டால், அப்துல் ரஹீம் கடைக்கு நேர் எதிரே.

துண்டால் முகத்தைப் பாதி மூடிக்கொண்டு இப்ராஹிம் அடிவாரத்தில் இறங்கினார். மூடியும் பயனில்லை. சித்திரை வெயிலில் குரங்குக் குல்லாவோடு இறங்குகிறவர் ஏற்காட்டு மச்சான்தான் என்பது கடைக்குள்ளிருந்தே தெரிந்துவிட்டது.

"வந்துட்டீங்களா மச்சான்?" என்று அப்துல் ரஹீம் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "விழா முடிஞ்சு வருவீங்கன்னு பாத்தேன். நாளைக்கே ஆரம்பிச்சுரலாமா?"

"இல்ல மச்சான், ஒரு கேசட்டு விசயமா வந்தேன்."

"கேசட்டு." அப்துல் ரஹீம் அந்தச் சொல்லைக் கெட்டுப்போன முட்டையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "சரி. விழா மொத நாளு காலையில பத்து மணிக்கு நான் மேல வர்றேன். ஒங்க சேம்பியன் ஆடறதப் பாக்கறேன். அதுக்கப்புறம் பேசிக்கலாம்."

ஸ்பெஷலைக் கொடுத்து, கூட ஒரு நல்ல குடையையும் கொடுத்து, லாரி புரோக்கர் வீட்டிலிருந்து தொண்ணூற்றுநாலை மீட்டுக்கொண்டு வந்தார். அதே கேசட்டுதான், சந்தேகமே இல்லை. ஜைனப் மருதாணிக் கையோடு தொட்ட கறை ஓரத்தில் அப்படியே இருந்தது. ரைட்டர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொருகினார். பழைய மைதானம் வந்தது. பழைய ஆள் வந்து எச்சில் துப்பினான்.

எதிரே அம்மாசி உட்கார்ந்தான். பதினெட்டுக்குப் பூஜ்யம்.

ஆட்டம் முடிந்தது. எச்சில் துப்புகிறவன் மட்டும் துப்பிக்கொண்டிருந்தான்.

"இதுவும் கெட்டுப் போச்சு பாய்," என்றார் பொன்னுவேல் கடைசியில்.

"எப்படிங்க? இது நம்ம கேசட்டுதானுங்களே."

"நம்முதுதான். ஆனாக் கீழ போயிட்டு வந்துச்சில்ல. ஒரு மாசம் அந்த வெக்கையில கெடந்தா மனுசனே மாறிப் போறான். கேசட்டு மாறாதா?"

தன்னைப் பற்றியே சொன்ன மாதிரி இருந்ததால் இப்ராஹிம் இதை முழுமனதோடு நம்பினார். அம்மாசியும், "வெக்கை பட்டா எதுவும் ஒதவாதுங்க," என்று ஒத்துப் பாடினான்.

பொன்னுவேல் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அங்கே தகரப் போர்டு மாட்டியிருந்தது. 'நான்கு ஆண்டுகள் தோல்வியே காணாத' என்பதை ஒருதரம் வாய்விட்டுப் படித்தார்.

"போர்ட எறக்கிருங்க பாய். நாளான்னைக்கு விழாவுக்கு நான் வரமாட்டேன். வெளியூர்க்காரன் முன்னால எனக்கு அவமானம் வேண்டாம்."

"அப்படிச் சொல்லாதீங்க ரைட்டர். எங்க மச்சான் பத்து மணிக்கு வர்றாரு. நீங்க வரலேன்னா என்னக் கையோட கூட்டிக்கிட்டுப் போயிருவாரு." இப்ராஹிம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு ஆட்டம். எஸ்டேட்டு ஆளுக்கும் உங்களுக்கும். அத மட்டும் ஜெயிச்சுருங்க. அப்பறம் கரண்டு போச்சுன்னு நானே சுச்ச அமத்திப் போடறேன்."

ரைட்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "உங்களுக்காக ஒண்ணு," என்றுவிட்டு நாகலூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

பஸ் திரும்பி மறைந்ததும் இப்ராஹிம் கடைக்குள் பார்த்தார். அம்மாசி மட்டும் இருந்தான். கொட்டச்சேடு பஸ் வர இன்னும் நேரமிருந்தது. இப்ராஹிமுக்கு ஒரு யோசனை வந்தது. நினைக்கவே கூச்சமாக இருந்தது. நாலு வருடமாக ஆட்டமென்றால் ஆட்டம் என்று நடத்திவந்த கடை அது. ஒருநாளும் ஒரு தில்லுமுல்லு நடந்ததில்லை. ஆனால் மலைக்குக் கீழே தராசு காத்திருந்தது.

இரண்டு டீ சொல்லி, ஒன்றை அம்மாசி கையில் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அம்மாசி, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. நான் இப்படியெல்லாம் கேக்கற ஆளில்ல."

"கேளுங்க பாய்."

"இந்தப் பாழாப்போன கேசட்ட இனிமே சரிபண்ண முடியாது. நானும் எல்லாம் பாத்துட்டேன். அதனால நாளான்னைக்கு விழாவுல, எங்க மச்சான் முன்னால, நீ..." டீயைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார். "நீ ரைட்டர்கிட்ட வேணுமின்னே ஒரே ஒரு ஆட்டம் தோத்துக் குடுக்கணும். அந்த மாதிரி ஒரு கெட்ட பழக்கம் உனக்கு இருக்காது, எனக்குத் தெரியும். பந்த நேராப் போடு. மட்டையக் கொஞ்சம் லேட்டாத் தூக்கு. பாதி வழியில நின்னுரு. அவ்வளவுதான்."

அம்மாசி டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். தம்ளரைக் கவிழ்த்து வைத்தான். வெளியே கொட்டச்சேடு பஸ் வந்து நின்றது. அவன் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சின்னக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னான்:

"உங்களுக்காக ஒண்ணென்னங்க பாய், ஒம்போது ஆட்டங்கூடத் தோக்கலாம், ஆனா செக்ரோல் நோட்டு இப்பப் புது ரைட்டர் கையிலதானுங்க இருக்குது, அவரக் கூட்டியாந்து உக்கார வெச்சீங்கன்னா, இந்த நாலு வருசமாத் தோத்தாப்புலயே நாங்க அத்தன பேரும் ஒழுங்காத் தோத்துருவோமுங்க."